பழைய ஃபோர் பை ஃபோர் வண்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் கீழே குனிந்து பாருங்கள்

பழைய கார் வாங்கப் போனால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போவோம், போனட்டைத் திறந்து பார்ப்போம், ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு விலை பேசுவோம். சாதாரணக் காருக்கு இது பெரும்பாலும் போதும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குப் போதவே போதாது. அந்த வண்டிக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். எஞ்சின் விசையை முன்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அந்த விசையை முன்னால் கொண்டுபோகும் முன்பக்க புரொப்பல்லர் ஷாஃப்ட், அதை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டியான முன் கிரவுன், முன் ஆக்சில், முன்சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் ஹப் இவற்றுக்குத்தான். இவை எல்லாம் வண்டிக்கு அடியில் இருக்கின்றன. போதாததற்கு, பெரும்பாலான வண்டிகளில் தார் ரோட்டில் சாதாரணமாக ஓட்டும்போது இவை வேலையே செய்வதில்லை. பாதி உடைந்து கிடந்தாலும் டெஸ்ட் டிரைவில் ஒரு சத்தமும் வராது. அதனால்தான் புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். விற்பவருக்கே தெரியாமல்கூட இது நடக்கும்.

நான் இங்கே சொல்வது தமிழ்நாட்டில் கிடைக்கும் வண்டிகளை மனதில் வைத்து. ஜிப்சி, மஹிந்திரா தார், கூர்க்கா, ஸ்கார்பியோ, ஜிம்னி, ஃபார்ச்சூனர் என்று எதை வாங்கினாலும் பார்க்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்.

உங்களுக்கு எந்த வகை வேண்டும்

ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் குடும்பத்தோடு போய்வர ஃபோர் பை ஃபோர் தேவையில்லை. 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலைக்கு அரசுப் பேருந்தே பின்சக்கர இழுவையில் ஏறிப்போகிறது. மழைக்காலத்தில் கரிசல் காட்டுக்குள் போய்வர வேண்டியவர்கள், எஸ்டேட் பாதையில் தினமும் ஏறி இறங்குபவர்கள், ஆற்று மணலைக் கடந்து தோட்டத்துக்குப் போகிறவர்கள், ஆஃப் ரோடிங் மேல் ஆசை உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் அது அவசியம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்றால் அதே பணத்துக்கு நல்ல டூ வீல் டிரைவ் வண்டி வாங்கலாம். பராமரிப்புச் செலவும் குறையும்.

தேவை உண்டு என்றால், மூன்று வகை இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜிப்சி, தார், கூர்க்கா, ஜிம்னி எல்லாம் பார்ட் டைம் வகை. சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும் இழுக்கும், லீவரையோ குமிழையோ போட்டால் முன்சக்கரமும் சேரும். காய்ந்த தார் ரோட்டில் இதைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லாததால் முறுக்கம் ஷாஃப்டிலும் பல்லிலும் ஏறும். அடுத்தது ஃபுல் டைம் வகை, இதில் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். 2009-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஃபார்ச்சூனர் இப்படித்தான் இருந்தது, 2016-ல் வந்த அடுத்த தலைமுறை பார்ட் டைமுக்கு மாறியது. மூன்றாவது ஆல் வீல் டிரைவ், நான்கு சக்கரத்துக்கும் விசையை வண்டியே தானாகப் பிரித்துக் கொடுக்கும். 2014-ல் வந்த ரெனோ டஸ்டரின் ஆல் வீல் டிரைவ் இந்த வகை. இதில் மிக மெதுவாக, ஆனால் அதிக விசையோடு இழுக்கும் லோ ரேஞ்ச், அதாவது 4எல், கிடையாது. சேறு, ஈரப்புல், சரளைக்கல் இவற்றுக்கு நன்றாக இருக்கும். செங்குத்தான பாறைப்பாதைக்கு அது ஆகாது.

வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்

ஜிப்சி 1985-ல் வந்தது. முதலில் 970 சிசி, 1996-லிருந்து 1.3 லிட்டர் 'கிங்', 2000 வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. என்ற எரிபொருள் பீய்ச்சும் முறை. எடை குறைவு என்பதே அதன் பெரிய பலம். நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங் என்பதால் முதுகுக்குச் சுகம் எதிர்பார்க்காதீர்கள். ராணுவத்திலிருந்து ஏலத்தில் போன ஜிப்சிகள் நிறைய சுற்றுகின்றன. அவற்றின் பதிவு எப்படி நடந்தது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

தாரின் முதல் தலைமுறை 2010-ல் வந்தது. 2.5 லிட்டர் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல்) எஞ்சின் வைத்த தார்தான் பெரும்பாலும் விற்பனைக்கு வரும். ஸ்பிரிங்குக்கு முன்பக்கம் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி, பின்பக்கம் பட்டை. 2015-ல் வந்த மாற்றத்தோடு இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றும்படி தானாகப் பூட்டும் மெக்கானிக்கல் லாக்கரும் வந்தது. இரண்டாம் தலைமுறை 2020 அக்டோபர் 2-ல் அறிமுகமானது. இதை வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கர இழுவை மட்டும் உள்ள தாரும் விற்பனைக்கு வந்துவிட்டது. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓரத்தில் ஒட்டியிருக்கும் பேட்ஜை நம்பாதீர்கள், அது கடையில் கிடைக்கும். கியர் லீவருக்குப் பக்கத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் இருக்கிறதா, ஆர்.சி.யில் மாடல் பெயர் என்ன போட்டிருக்கிறது, கீழே முன் ஷாஃப்ட் இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். இன்னொன்று, 2020 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை தயாரான டீசல் தார்களில் சிலவற்றை கேம்ஷாஃப்ட் மாற்றித்தர மஹிந்திரா 2021-ல் திரும்ப அழைத்தது. அந்தக் காலத்து வண்டி என்றால் சேசிஸ் நம்பரைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, அந்த வேலை முடிந்ததா என்று கேட்டுவிடலாம்.

கூர்க்கா வாங்குவதே முன்னும் பின்னும் உள்ள டிஃப் லாக்குக்காகத்தான், அதாவது ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டுக்காக. அது வேலை செய்யாத கூர்க்காவுக்குக் கூடுதல் விலை கொடுக்க அர்த்தமில்லை. ஜிம்னி 2023-ல்தான் வந்தது, எல்லா ஜிம்னியும் ஃபோர் பை ஃபோர்தான். மஹிந்திராவின் பழைய மேஜர், எம்.எம். 540 ஜீப்கள் தனி உலகம். எஞ்சின் மாற்றிப் பொருத்தாத ஜீப்பைப் பார்ப்பதே அபூர்வம். ஹரியானாவின் மண்டி டப்வாலியில் ஜீப் கட்டித் தருவதே ஒரு தொழில். அப்படி வந்த வண்டியில் ஆவணமும் இரும்பும் ஒரே வண்டியுடையதுதானா என்பதுதான் முதல் கேள்வி. முதல் வண்டியாக அதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கிளம்பும் முன் போனில்

விலையைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். முதலில் வண்டியை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள். "வீக்கெண்டு மட்டும்தாங்க எடுப்போம்" என்பது பதில் ஆகாது, வீக்கெண்டில் எங்கே போனார்கள் என்பதுதான் விஷயம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் தினமும் ஓடிய ஜீப் பாவம், குறைந்த கிலோமீட்டரிலேயே மிக அதிகமாகத் தேய்ந்திருக்கும். 4எல்-லில் பகல் முழுதும் ஊர்ந்தால் மீட்டர் ஏறாது, பல்லும் கிளட்சும் தேயும்.

அடுத்து, கடைசியாக 4எல் எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். "போட்டதே இல்லை, புதுசு மாதிரி இருக்கும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது நல்ல செய்தி அல்ல. பல வருஷம் அசையாத லீவர் இணைப்புகள் இறுகிப்போகும், ஆயில் படாமல் சீல் காய்ந்துவிடும், தானாகப் பூட்டும் ஹப் உள்ள வண்டிகளில் உள்ளே கிரீஸ் கெட்டியாகிவிடும். மாதம் ஒரு தடவை மண்பாதையில் போட்டு எடுத்த வண்டிதான் எனக்குப் பிடித்த வண்டி.

கிரவுன் ஆயிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலும் எப்போது மாற்றினார்கள், பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். எஞ்சின் ஆயில் பில் எல்லோரிடமும் இருக்கும். இந்த இரண்டுக்கும் பில் வைத்திருப்பவர் வண்டியைத் தெரிந்து வைத்திருந்தவர்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்: நாங்கள் வரும் முன் வாட்டர் சர்வீஸ் விட வேண்டாம், எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்கவும் வேண்டாம். அடிப்பாகத்தைக் கழுவி டீசல் அடித்துப் பளபளப்பாக்கிவிட்டால் எந்த லீக்கும் தெரியாது.

வண்டி எண் கிடைத்ததும் எம்-பரிவாகன் செயலியில் பதிவு தேதி, எஃப்.சி. காலம், இன்சூரன்ஸ் காலம், பைனான்ஸ் நிலுவை எல்லாம் பாருங்கள். இ-சலான் தளத்தில் கட்டாத அபராதம் தெரியும். 15 வருஷத்தை நெருங்கும் வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில். அதை விலையில் கழிக்க வேண்டும். டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கான தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பிறகு டெல்லிப் பதிவெண் கொண்ட பெரிய டீசல் வண்டிகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு மூன்றையும் கூட்டிப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும். வெளிமாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டவும் சட்டம் இடம் தராது.

நேரில்: எஞ்சின் ஆறியிருக்கும்போது

எஞ்சின் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது எல்லா வண்டிக்கும் பொது. போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்கள் வேண்டுகோளை ஏன் மீறினார்கள் என்று கேளுங்கள். டீசல் வண்டி காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே பிடிக்க வேண்டும். நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட்டிங்கில் இருக்க, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி இருக்கலாம். குபுகுபுவென்று அழுத்தத்தோடு புகை தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. பி.எஸ். 6 டீசலில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ஸ்கேனர் போட்டு மறைந்திருக்கும் கோளாறுக் குறியீடுகளையும் படிக்கச் சொல்லுங்கள். ஜிப்சியில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். சேசிஸில் அடித்த எண்ணைச் சுற்றி வெல்டிங் அடையாளமோ புதுப் பெயின்டோ இருந்தால் அதோடு பேச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அடியில்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

அருகில் உள்ள வாட்டர் சர்வீஸ் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், கழுவாமல், ராம்ப்பில் மட்டும் ஏற்றித்தரச் சொல்லுங்கள். சின்னக் கட்டணம்தான். டார்ச், ஒரு சின்னச் சுத்தியல், பழைய துணி, கையுறை எடுத்துப்போங்கள். மெக்கானிக்கும் உடன் வரட்டும், ஆனால் நீங்களும் கீழே போங்கள்.

முதலில் சேசிஸ். இந்த வண்டிகளில் உடல் தனி, அடியில் ஏணிபோல நீளும் இரும்புச் சட்டம் தனி. உடலை எத்தனை தடவை வேண்டுமானாலும் டிங்கரிங் பார்த்துப் பட்டி போட்டு மாற்றலாம். சட்டம் வளைந்தால் வண்டி அவ்வளவுதான். முன்னிருந்து பின்வரை இரண்டு நீளக் கம்பிகளையும் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். துரு உள்ளே அரித்த இடத்தில் 'மொத்' என்று மழுங்கும். தூத்துக்குடி, நாகை, சென்னைக் கடலோர வண்டி என்றால் பின் ஸ்பிரிங் தொங்கும் இடங்களை மறுபடி தட்டுங்கள். சட்டத்தில் உள்ள துளைகளுக்குள் விரலை விட்டால் மணல் வருகிறதா? கடற்கரையில் ஓட்டிவிட்டுச் சரியாகக் கழுவாத வண்டி. குறுக்குச் சட்டத்தில் சிராய்ப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், ஆஃப் ரோடு போன வண்டிக்கு அது சகஜம். நசுங்கலும் விரிசலும் புது வெல்டிங்கும்தான் பயப்பட வேண்டியவை. அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அப்புறம் லீக். எஞ்சின் சேம்பர், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் என்று ஐந்து இடத்தில் ஆயில் இருக்கிறது. லேசாகப் பொசிந்து தூசி ஒட்டியிருப்பது வேறு, சொட்டுவது வேறு. ஷாஃப்ட் உள்ளே நுழையும் சீலைச் சுற்றிப் பாருங்கள். பிறகு நான்கு சக்கரத்தின் உள்பக்கம். ஜிப்சியில் முன் ஆக்சிலின் நுனியில், சக்கரம் திரும்பும் இடத்தில், உருண்டையான நக்கிள் இருக்கும். அதிலிருந்து கிரீஸும் ஆயிலும் கலந்து வழிந்தால் சீல் போய்விட்டது. தார் சிஆர்டிஇ போல முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் ஆக்சில் ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். கிழிந்த பூட் வழியே மண் போனால் உள்ளே ஜாயின்ட் கொஞ்ச நாளில் முடிந்துவிடும்.

ஒரு வேலையை மட்டும் எப்படியாவது செய்துவிடுங்கள். விற்பவர் அனுமதியோடு முன் கிரவுனிலும் பின் கிரவுனிலும் ஆயில் அளவு பார்க்கும் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். விரலை விட்டு ஆயிலைத் தொட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் பழைய ஆயில், மாற்றிக்கொள்ளலாம். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் ஆற்றில் இறங்கும்போது சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள, காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆயிலோடு பல நாள் ஓடிய கிரவுனும் பேரிங்கும் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விரலில் மினுமினுவென்று நுண்ணிய பொடி ஒட்டுவது சாதாரணத் தேய்மானம். நகத்தில் நிரடும் அளவுக்குத் துணுக்கு வந்தால் பல் உடைந்திருக்கிறது.

இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டையும் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், முறுக்கியும் பாருங்கள். ஷாஃப்டின் முனையில் உள்ள இணைப்பான யூஜே கிராஸில் ஆட்டம் இருந்தால் 'டக்' என்று கையிலேயே தெரியும். இது பெரிய செலவு இல்லை. பட்டை ஸ்பிரிங்கில் விரிசல், ஷாக்கப்சரில் ஆயில் வழிவு, புஷ் தேய்மானம் இவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் விலை பேச உதவும்.

டயர்

நான்கும் ஒரே அளவு, ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னால் புது டயர், பின்னால் வழுக்கை டயர் என்று ஓடிய வண்டியை ஃபோர் வீலில் போட்டால் நேர்ரோட்டிலேயே முறுக்கம் ஏறும். ஆல் வீல் டிரைவிலும் ஃபுல் டைமிலும் இது இன்னும் மோசம், அவற்றில் ஓய்வே கிடையாது. கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சக்கரம் பெரிதானால் மீட்டர் உண்மையான தூரத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும்.

ஃபோர் வீல் உண்மையில் இழுக்கிறதா

இதற்குத் தார் ரோடு உதவாது. மண்தரையோ சரளை மைதானமோ வேண்டும்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதித்து 4ஹெச், அதாவது சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல், போடுங்கள். டேஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும். உடனே விழாவிட்டால் முடிவு கட்டாதீர்கள், கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு மறுபடி போடுங்கள். பல்லோடு பல் நேராகச் சேராததுதான் பல நேரம் காரணம். ஸ்கார்பியோபோலக் குமிழைத் திருப்பும் வண்டிகளில் விளக்கு சிமிட்டிவிட்டு நிலையாக வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால் மோட்டாரிலோ சென்சாரிலோ கோளாறு. விளக்கு எரிவது மட்டும் போதாது. லீவர் நகர்ந்ததைத்தான் அது சொல்கிறது, முன்சக்கரம் இழுப்பதை அல்ல.

அதனால் மண்ணில் முதல் கியரில், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். பார்ட் டைம் வண்டி என்றால் ஸ்டியரிங் கனமாகும், வண்டி தயங்கும், யாரோ பிரேக்கை மிதிப்பதுபோல இழுத்துப் பிடிக்கும். அந்தத் தயக்கம்தான் நமக்கு வேண்டும், முன் ஆக்சில் இணைந்திருக்கிறது என்று அர்த்தம். 2ஹெச்சில், அதாவது பின்சக்கரம் மட்டும் இழுக்கும்போது, சுற்றுவதுபோலவே லேசாகச் சுற்றினால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. வட்டமடிக்கும்போது 'கட கட கட' என்று முன்சக்கரப் பக்கம் சத்தம் வந்தால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

அடுத்து 4எல். வண்டி முழுதாக நின்ற பிறகே போட வேண்டும். முதல் கியரில் கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் விடுங்கள். நடந்து போகும் வேகத்தில் வண்டி தானாக ஊர வேண்டும். ஒரு மேட்டில் ஏற்றுங்கள், இறக்குங்கள். லீவர் நியூட்ரலுக்குத் துள்ளி விழுந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே ஃபோர்க்கோ பல்லோ தேய்ந்திருக்கிறது. பெரிய செலவு அது.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? கையால் திருப்பும் ஹப் உள்ள வண்டிகளுக்கு ஒரு சோதனை இருக்கிறது. சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுங்கள். எஞ்சினை அணைத்து, இரண்டு ஹப்பையும் பூட்டி, 4ஹெச் போட்டு, முதல் கியரில் விடுங்கள். முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தரையை விட்டுத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆடிவிட்டு 'டக்' என்று நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால் ஹப், ஆக்சில், கிரவுன், ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் இவற்றில் ஏதோ ஒன்று இணையவில்லை. தரையில் இருக்கும் எதிர்ச் சக்கரத்தின் ஹப் பழுதானாலும் இப்படித்தான் சுற்றும் என்பதால், ஒரே சோதனையில் இரு பக்கமும் தெரிந்துவிடும். நிற்பதற்கு முன் எவ்வளவு ஆடுகிறது என்பதும் முக்கியம். அந்த ஆட்டம்தான் சக்கரத்திலிருந்து கியர் பாக்ஸ்வரை உள்ள அத்தனை பல்லின் தேய்மானத்தையும் கூட்டிக் காட்டும் கணக்கு. வண்டிக்கு அடியில் மட்டும் அந்த நேரத்தில் யாரும் போகக் கூடாது.

டிஃப் லாக் இருந்தால் அதையும் மண்ணிலேயே போட்டு, மெதுவாக வளைத்துப் பாருங்கள். பின் லாக் பிடித்திருந்தால் வளைவின் உள்பக்கச் சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டு வரும். எல்லாம் முடிந்ததும் 2ஹெச்சுக்குத் திரும்பி, சில அடி ரிவர்ஸ் எடுத்து, விளக்கு அணைந்ததா, ஸ்டியரிங் லேசானதா என்று சரிபார்த்துவிட்டே ரோட்டுக்கு ஏறுங்கள்.

ரோட்டில்

60, 70 கிலோமீட்டர் வேகத்தில் கிரவுன் ஊளையிடுகிறதா என்று பாட்டு, ஏசி இரண்டையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வரும் ஊளை விட்டதும் மாறினால் கிரவுன் பினியன் தேய்மானம். முன்பக்கம் முழு ஆக்சில் உள்ள ஜிப்சி, பழைய ஜீப் இவற்றில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் ஸ்டியரிங் நிற்காமல் உதறினால் கிங் பின் பேரிங், டை ராட், வீல் பேலன்ஸ் என்று பார்க்க வேண்டியது நிறைய. கிளட்சை ஒரே ஒரு தடவை சோதியுங்கள்: நின்ற இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் மெதுவாக விட்டால் எஞ்சின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் முனகிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது.

வெள்ளமும் அலங்காரமும்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை முழுகியது. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அழியாமல் இருக்கும். புதிய தாரின் தரை கழுவும்படியே அமைந்தது, தண்ணீர் வடிய அடைப்பான்கூட உண்டு. அதனால் தரை சுத்தமாக இருப்பது எதையும் நிரூபிக்காது. சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குக் கீழேயும் உள்ள வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பெரிய பம்பர், வின்ச், லிஃப்ட் கிட் போட்ட வண்டியைப் பார்த்ததும் மனசு போய்விடும். அதற்கெல்லாம் நான் தனியாக விலை கொடுக்க மாட்டேன். முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்பான புல் பாருக்கு எதிராக மத்திய அரசு 2017-லேயே நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. கம்பெனி வடிவமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. எஃப்.சி.க்குப் போகும்போது கழற்ற வேண்டியது நீங்கள். உயரம் ஏற்றிய வண்டியில் ஷாஃப்டின் கோணம் மாறி கிராஸும் பூட்டும் சீக்கிரம் போகும். என்னைக் கேட்டால், கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கும் வண்டியைத் தேடுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களை விற்பவர் பத்திரமாக வைத்திருந்தால் அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

பணமும் பேப்பரும்

கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, மெக்கானிக்கிடம் ஒவ்வொன்றுக்கும் தோராயச் செலவு கேட்டு, அந்தத் தாளை வைத்தே பேசுங்கள். "ரேட்டைக் குறைங்க" என்பதைவிட "முன் நக்கிள் சீல் ரெண்டு பக்கமும் மாத்தணும்ங்க" என்பதற்கு மரியாதை அதிகம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். பைனான்ஸ் முடிந்திருந்தால் வங்கியின் கடிதத்தோடு படிவம் 35. வெளிமாநிலம் என்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது. வியாபாரியிடம் வாங்கினால் அங்கீகாரச் சான்று காட்டச் சொல்லுங்கள், 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். திறந்த படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு "அப்புறம் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் முதல் செலவு ஆயிலுக்கு: எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் ஐந்தையும் ஒரே நாளில் மாற்றுங்கள். கழற்றும்போது ஒரு விஷயம்: ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். துருப்பிடித்து இறுகிய பிளக் உள்ள பழைய ஆக்சிலில் ஆயிலை வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வழியில்லாமல் வண்டி நின்றுவிடும்.